மின்ட் எரரா, பட்டறை வேலையா?

பத்து ரூபாய்க் காசை நீட்டினால் வேலூர்க் கடைகளில் "இது செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுத்த காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பதினைந்து கோடு போட்டது போலி, பத்துக் கோடு போட்டதுதான் அசல், ரூபாய்க் குறி இல்லாவிட்டால் வாங்காதே என்று ஆளுக்கொரு பேச்சு. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் அந்தப் பேச்சு அடங்க நாளானது. இப்போது அதே குழப்பம் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும் எந்தக் காசையும் "எரர் காயின், லட்சத்துக்குப் போகும்" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள். அதில் பெரும்பாலானவை தேய்ந்த காசு, அடிபட்ட காசு, இல்லையென்றால் யாரோ வைஸிலும் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) அரத்திலும் வேலை பார்த்த காசு.

எரர் என்றால் நாணயச்சாலையில் உருவாகும்போதே கோளாறு விழுந்த காசு. இந்த எரர் சேகரிப்பில் புதிதாக இறங்கும் பிள்ளைகள் முதல் மூன்று நான்கு காசுகளிலேயே ஏமாந்து, இந்தப் பக்கமே வேண்டாம் என்று போய்விடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. நல்ல துறை இது. சட்டைப்பையில் வந்து விழும் சில்லறையை வைத்தே கற்றுக்கொள்ளலாம். அதனால் தெரிந்ததை முறையாக எழுதி வைக்கிறேன்.

எந்தக் காசைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோளாறு நாணயச்சாலையில் எந்த வேலை நடக்கும்போது வந்திருக்கும்? பதில் சொல்ல முடிந்தால் மேலே பார்க்கலாம். சொல்ல முடியாவிட்டால் கீழே வைத்துவிடலாம்.

அதற்குக் காசு உருவாகும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். நீளமான உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அவற்றைச் சூளையில் காய்ச்சி இளக்கிக் கழுவுவார்கள். பிறகு வில்லையின் ஓரத்தை நெருக்கி உருட்டி, சுற்றிலும் ஒரு மேடு எழுப்புவார்கள். கடைசியில் பிரஸ்ஸில் மேலொரு அச்சு, கீழொரு அச்சு, சுற்றிலும் காலர் என்ற வளையம். வில்லை இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரே அடியில் காசாகிறது. அந்த அடியில் உலோகம் ஒரு கணம் ஒழுகி, அச்சின் பள்ளங்களில் ஏறி எழுத்தாகிறது, வெளியே ஓடப் பார்க்கும்போது காலர் தடுத்து வட்டமாக நிறுத்துகிறது. எல்லாத் தடயமும் இந்த ஒழுக்கில்தான் இருக்கிறது. அச்சடிக்கும்போது வந்த கோளாறில் எழுத்து கோளாறை நோக்கி ஒழுகியிருக்கும், இழுபட்டிருக்கும், மங்கியிருக்கும். பிறகு செய்த வேலையில் முழு எழுத்து நின்ற இடத்தில் அறுபட்டிருக்கும், நசுங்கியிருக்கும், சுரண்டப்பட்டிருக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் காட்டும் கைத்தராசு, விட்டம் அளக்க டிஜிட்டல் வெர்னியர், சின்னக் காந்தம், டார்ச். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் காசின் தளத்தோடு படுக்க வைத்து அடித்தால்தான் கீறலும் மேடும் நிழல் காட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதே வருடம், அதே நாணயச்சாலை, அதே வகையில் சாதாரணக் காசு ஒன்று. பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். தராசு இல்லாதவர்கள் லாங் பஜாரில் தெரிந்த நகைக்கடை இருந்தால் எடை போட்டுக் கேட்கலாம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எடைகள் சில. 1983 முதல் 1991 வரை வந்த குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்தது) ஒரு ரூபாய் 6 கிராம், 26 மி.மீ. 1992க்குப் பிறகு வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ. ஸ்டீல் ஐம்பது காசு 3.79 கிராம், 22 மி.மீ. பதினொரு பக்கம் கொண்ட குப்ரோ நிக்கல் இரண்டு ரூபாய் 6 கிராம். தடித்த குப்ரோ நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம், 23 மி.மீ. 2011இல் வந்த ரூபாய்க் குறி வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், இரு உலோகப் பத்து ரூபாய் 7.71 கிராம், 27 மி.மீ. 4.85 இருக்க வேண்டிய காசில் பத்தில் ஒரு கிராம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம். அரை கிராம் குறைந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அச்சடிப்பதில் எடை போகாது. வில்லை முழுசாக இருந்தால், அச்சு எவ்வளவு விலகி அடித்திருந்தாலும் எடை முழுசாகத்தான் இருக்கும்.

காந்தம் உலோகத்தைச் சொல்லும். நம் ஸ்டீல் காசு 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் கலந்தது, காந்தத்தில் ஒட்டும். குப்ரோ நிக்கலும் நிக்கல் பித்தளையும் ஒட்டாது. ஆனால் உலோகம் மாறியிருக்கிறது என்று குதிப்பதற்கு முன் வருடத்தைப் பாருங்கள். ஐந்து ரூபாய் 2007 வாக்கில் ஸ்டீலிலேயே முறையாக வெளியானது, பிறகு மஞ்சள் நிக்கல் பித்தளைக்கு மாறியது. அந்த ஸ்டீல் ஐந்து ரூபாயை "ராங் மெட்டல் எரர்" என்று விற்கிறார்கள். அது எரரே இல்லை.

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும் மின்ட் மார்க், அதாவது வருடத்துக்குக் கீழே உள்ள குறியும் தெரிந்திருக்க வேண்டும். மும்பை என்றால் வைரக்கட்டம், ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், 1988இல் தொடங்கிய நொய்டா என்றால் வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. இந்தக் கடைசி விஷயம்தான் ஏமாற்றுக்காரனுக்கு வசதி. நொய்டாக் காசின் புள்ளியைச் சுரண்டிவிட்டால் அது கொல்கத்தாக் காசு, அல்லது "மின்ட் மார்க் மிஸ்ஸிங் எரர்". அச்சின் பள்ளத்தில் கிரீஸும் தூசியும் அடைத்துக்கொண்டு குறி விழாமல் போவது நாணயச்சாலையில் உண்மையிலேயே நடக்கும். அப்படி மறைந்த எழுத்து ஓரம் தெளிவில்லாமல் மெல்ல மங்கும், பக்கத்து எழுத்தும் கொஞ்சம் சோர்ந்திருக்கும், தளம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். சுரண்டிய இடத்தில் டார்ச்சைப் படுக்க வைத்து அடித்தால் சின்னப் பள்ளம் தெரியும், ஒரே திசையில் ஓடும் நுண்கீறல் தெரியும், அந்த இடத்துப் பளபளப்பும் வேறாக இருக்கும். சுரண்டிய பிறகு பாலிஷ் போட்டிருந்தால் காசு முழுக்கவே அசல் பொலிவு இழந்து வழுவழுவென்று இருக்கும். அதுவும் ஒரு தடயம்தான்.

இனி கட், அதாவது ஓரத்தில் கடித்தது போலக் குறைந்த காசு. அதிகமாக ஏமாற்றப்படுவதும், கற்றுக்கொண்டால் மிகச் சுலபமாகப் பிடிபடுவதும் இதுதான்.

பட்டை சரியாக நகராமல் நின்று, ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கத்தி மறுபடி இறங்கினால் வில்லையில் பிறை வடிவில் ஒரு குறை விழும். பட்டையின் முனையில் இறங்கினால் நேர்க்கோட்டுக் குறை, பட்டையின் பிசிறான வால்பகுதியில் இறங்கினால் கோணல்மாணலான குறை. கவனிக்க வேண்டியது, குறை முதலில் வந்தது, அச்சு பிறகு விழுந்தது. அதனால் மூன்று விஷயங்கள் நடக்கும். முதலாவது, பிறையின் வளைவு இன்னொரு வில்லையின் வளைவு. அதே வகைக் காசு ஒன்றை அந்தக் குறையில் பொருத்திப் பாருங்கள், ஏறக்குறைய உட்கார வேண்டும். குறை மட்டும் சின்ன வட்டமாக இருந்தால் அது வேறு எதையோ வைத்து வெட்டியது. இரண்டாவது, ஓரம் எழுப்பும் இயந்திரத்தில் வில்லை இரண்டு பக்கமும் நெருக்கப்படும்போது, குறை உள்ள இடத்தில் பிடிமானம் இருக்காது. ஆகவே குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் சரியாக எழும்பாமல் மங்கிப்போகும். குறை மணி ஆறில் இருந்தால் பன்னிரண்டைப் பாருங்கள். எல்லாக் காசிலும் இது ஒரே அளவில் தெரியாது, மிகச் சின்னக் குறையில் தெரியாமலே போகலாம், ஆனால் தெரிந்தால் பெரிய பலம். மூன்றாவது, ஒழுக்கு. அடி விழும்போது குறையின் பக்கம் தடுப்பில்லாததால் உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடியிருக்கும். குறையை ஒட்டிய எழுத்துகள் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, நீண்டு, உயரம் குறைந்து கரையும்.

வெட்டிய காசில் இந்த மூன்றும் இருக்காது. எழுத்து முழு உயரத்தில் வந்து கத்தி வைத்தது போல நின்றுவிடும். வெட்டுமுகத்தை லூப்பில் பார்த்தால் அரத்தின் இணைகோடுகள், அல்லது ஒரு பக்கம் வழுவழுப்பும் மறுபக்கம் பிசிரும். பிசிரைத் தேய்த்து எடுத்திருந்தால் முனை மட்டும் பளிச்சென்று இருக்கும். இருபது வருடம் கைமாறிய காசின் ஒரு பக்கம் மட்டும் நேற்று வெட்டியது போல மின்னக் காரணமே இல்லை. சந்தேகமாக இருந்தால், ராணிப்பேட்டையிலோ காட்பாடியிலோ தெரிந்த லேத் பட்டறைக்காரர் யாராவது இருந்தால் காட்டுங்கள். நாணயத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. வெட்டிய உலோகம் எது, அரம் பட்டது எது, கடைசல் பிடித்தது எது என்று புரட்டிப் பார்த்த உடனே சொல்லிவிடுவார். விற்பவனின் பேச்சைவிட அவர் கண்ணை நான் நம்புவேன்.

லேத் என்றதும் இன்னொன்று. பெரிய காசின் அச்சு சின்னக் காசின் வில்லையில் விழுவது உண்மையான எரர், விலையும் உண்டு. ஸ்டீல் ஒரு ரூபாய் அச்சு, ஐம்பது காசு வில்லையில் விழுந்தால் காசு 3.79 கிராம் இருக்கும். எடை சரியாக இருக்கிறதே என்று நம்பி வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 மி.மீ. ஒரு ரூபாயை லேத்தில் 22 மி.மீ. ஆகக் கடைந்தால் மிஞ்சும் எடை சுமார் 3.76 கிராம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்! ஆகவே இங்கே எடை சாட்சி சொல்லாது, ஓரம்தான் சொல்லும். உண்மையானதில் சின்ன வில்லையைப் பெரிய காலர் பிடிக்கவில்லை, அதனால் அது அடியில் பரவி 22க்கு மேல் சற்று விரிந்திருக்கும், வட்டம் கச்சிதமாக இருக்காது, ஓரச்சுவர் உருண்டையாக இருக்கும், ஓரத்து எழுத்துகள் வெளிப்பக்கம் இழுபட்டிருக்கும். கடைந்ததில் வட்டம் மிகக் கச்சிதம், ஓரச்சுவரில் சுற்றுக்கோடுகள், எழுத்துகள் பாதியில் அறுபட்டிருக்கும்.

ஆஃப் சென்டர் காசுக்கும் இதே பார்வைதான். வில்லை காலருக்குள் இறங்காமல் விலகி நிற்கும்போது அடி விழுந்தால், ஒரு பக்கம் வெற்றுப் பிறை, மறுபக்கம் பாதி வடிவம். வெற்றுப் பக்கத்தில் அச்சடிக்கும் முன்பே எழுப்பிய விளிம்பு மேடு அப்படியே நிற்க வேண்டும். அடி விழுந்த பக்கம் பரவி, காசு கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்க வேண்டும். முன்பக்கம் எந்தத் திசையில் விலகியதோ, பின்பக்கமும் அதற்கு ஒத்தே விலகியிருக்க வேண்டும். எடை முழுசு. ஒரு பக்கத்தை அரைத்து வெற்றிடம் உண்டாக்கிய காசில் எடை விழும், விளிம்பு மேடு இருக்காது, கனமும் இடத்துக்கு இடம் மாறும். விலகல் இல்லாமல் காலர் மட்டும் தவறினால் காசு எல்லாப் பக்கமும் பரவும், அது பிராட் ஸ்ட்ரைக். சுத்தியலால் தட்டி அகலமாக்கியதில் எழுத்துகளின் தலை தட்டையாகித் தடித்திருக்கும். உண்மையானதில் நடு எழுத்துகள் கூர்மையாக நிற்கும். ரயில் சக்கரம் ஏறிய காசையும் பிராட் ஸ்ட்ரைக் என்று கொண்டு வருவார்கள். தண்டவாளத்தில் காசு வைக்கும் விளையாட்டு காட்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. சக்கரம் ஏறிய காசு ஒரே திசையில் நீண்டு, காகிதம் போல மெலிந்து, இரண்டு முகமும் ஆவி போல மங்கியிருக்கும். (பிள்ளைகளைத் தண்டவாளம் பக்கம் விடாதீர்கள், காசைவிட அதுதான் முக்கியம்.)

நம் ஊர்ப் பழைய காசு வியாபாரிகள் லகி என்று சொல்லும் பிராக்கேஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அச்சடித்த காசு வெளியே விழாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வரும்போது அந்தக் காசே அச்சாக மாறி, தன் முகத்தைக் கண்ணாடி பிம்பமாகப் பள்ளமாகப் பதிக்கும். அதனால் ஒரு பக்கம் சாதாரணச் சிங்கம், மறுபக்கம் அதே சிங்கம் இடவலம் மாறிக் குழிவாக இருக்கும். முதல் அடியில் வந்தது கூர்மையாக, அளவு மாறாமல் இருக்கும். ஒட்டிய காசு அடிமேல் அடி வாங்கி விரிய விரிய, அடுத்தடுத்த பிம்பங்கள் பெரிதாகி மங்கும்.

இதைப் பட்டறையில் செய்ய இரண்டு காசைச் சேர்த்து வைஸில் இறுக்குகிறார்கள், அல்லது பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்கள். பள்ளமான தலைகீழ் எழுத்து விழத்தான் செய்யும். ஆனால் அதற்கு அடியில் அந்தக் காசின் சொந்த எழுத்து எங்கே போகும்? நசுங்கிய நிலையில் அங்கேயே கிடக்கும். உண்மையான லகியில் குழிவான பக்கம் முழுக்க ஒரே வடிவம்தான், அடியில் வேறு வடிவத்தின் எலும்பு தெரியாது. மேலும் வைஸின் தாடை பட்ட மறுமுகத்தில் மேடான பகுதிகள் தட்டையாகிப் பளபளக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு தலைகீழ் எழுத்து மட்டும் விழுந்த காசு என்றால் பெரும்பாலும் வைஸ் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பில் செய்த போலி லகியும் உண்டு. அதில் தளம் மணல் போலப் பொரிந்திருக்கும், சின்னக் குமிழித் துளைகள் இருக்கும், ஓரச்சுவரைச் சுற்றி இரண்டு அச்சுப்பாதி சேர்ந்த கோடு ஓடும், எடையும் பொருந்தாது.

பத்து ரூபாய் இரு உலோகக் காசில் நடக்கும் மோசடிதான் இன்று அதிகம். மஞ்சள் வளையமும் வெள்ளை நடுவில்லையும் தனித்தனியாக வந்து, பிரஸ்ஸில் ஒரே அடியில் ஒன்றாகப் பொருந்தி, அதே அடியில் முகமும் பெறுகின்றன. அச்சு ஒன்றே. வளையத்துக்கு ஒரு அச்சு, நடுவுக்கு ஒரு அச்சு என்று கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்தால் பாதி மோசடி உடனே விழுந்துவிடும். நடுச் சிங்கம் வளையத்து எழுத்துகளுக்குச் சாய்வாக நிற்கிறதா? நடுவில்லை முன்பின் மாறி, சிங்கம் இருக்க வேண்டிய பக்கத்தில் 10 தெரிகிறதா? இரண்டுமே ஒரே அச்சால் வர முடியாதவை. நடுவில்லையைத் தட்டி வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையான எரர் எப்படி இருக்கும் என்றால், அடிக்கு முன்பே நடுவில்லை விலகி உட்கார்ந்திருக்கும். அப்போது மஞ்சளும் வெள்ளையும் சேரும் கோடு ஒரு பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும், வெள்ளை மஞ்சளின் மேல் வழிந்திருக்கும், ஆனால் சிங்கமும் எழுத்தும் எப்போதும் உள்ள இடத்திலேயே, சேர்க்கைக் கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அதன் மேல் தொடர்ந்து ஓடும். ஒரே எழுத்தின் பாதி மஞ்சளில், பாதி வெள்ளையில் விழுந்திருக்கும். பட்டறைக் காசில் சேர்க்கைக் கோடு கச்சிதமாக அதன் இடத்தில் இருக்கும், வடிவம் அந்தக் கோட்டில் உடையும். லூப்பை அந்தக் கோட்டின் மேல் வைத்து முழு வட்டம் சுற்றி வாருங்கள். நெம்பிய கீறல், தட்டிய தழும்பு, சூப்பர் குளூவின் கண்ணாடிப் பளபளப்பு எங்காவது தென்படும். காதருகில் ஆட்டினால் சில காசு கடகடக்கும். பசை போட்டதென்று சந்தேகம் இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில மணி நேரம் ஊற வையுங்கள். உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது, பசை இளகும். கண்ணாடிக் கிண்ணத்தில், அடுப்பு, விளக்கு பக்கம் இல்லாமல், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். துடைக்காமல் உலர விட வேண்டும்.

நடுவே இல்லாத வளையம் மட்டும் என்று ஒன்று விற்பார்கள். நடுவில்லை இல்லாமல் அடி வாங்கிய வளையத்தில் உலோகம் துளையை நோக்கி உள்ளே ஒழுகியிருக்கும். துளை சுருங்கி, உள்ளோரம் அலையலையாகப் பிதுங்கியிருக்கும். துளை சீரான வட்டமாக, வடிவம் அந்த ஓரத்தில் வெட்டியது போல நின்றால், நடுவில்லை எங்கோ தனியாகக் கிடக்கிறது என்று பொருள்.

டை ரொட்டேஷன் நம் காசுகளில் ஏராளம், புதியவர்கள் தொடங்கவும் நல்லது. நம் குடியரசுக் காசை மேலும் கீழும் விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அச்சு தளர்ந்து சுழன்றிருந்தால் சாய்ந்தோ தலைகீழாகவோ நிற்கும். முழுக்காசில் இதைப் பிறகு செய்யவே முடியாது, இரண்டு காசை அறுத்து ஒட்டினால்தான் உண்டு. விளிம்பின் உட்பக்கத்தைச் சுற்றி லூப்பில் பார்த்து, ஒட்டுக்கோடு இல்லையென்றால், எடையும் சரியென்றால், நம்பலாம். சில பாகைச் சாய்வுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அது எல்லாக் குவியலிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் தலை உள்ள காசு என்றால் அது மந்திரவாதிக் காசு. ஒரு காசைக் குடைந்து அதற்குள் இன்னொன்றைப் பொருத்தியது. கல்லில் போட்டால் நாதம் மந்தமாக விழும்.

அச்சில் விரிசல் விட்டால் காசில் மேடான கோடு விழும். கீறலாக இருந்தால் பள்ளம். நகத்தால் தடவ வேண்டாம், டார்ச் நிழல் போதும். விளிம்பில் கட்டி போல உலோகம் திரண்டிருந்தால், அச்சின் ஓரம் உடைந்ததாக இருக்கலாம். அப்போது பின்பக்கம் அதே இடத்தில் வடிவம் சோர்ந்திருக்கும். பின்பக்கம் கூர்மையாக இருந்தால் ஈயப்பற்றுத் துளியா என்று பாருங்கள், நிறம் காட்டிக் கொடுக்கும். எழுத்துக்குப் பக்கத்தில் படிக்கட்டு போலத் தட்டையான நிழல் இருந்தால் அது அடியின்போது அச்சு நடுங்கியது. "டபுள் டை" என்று விற்றாலும் மதிப்பில்லை. அச்சே விழாத வெற்று வில்லையில் ஓரம் எழும்பியிருக்கிறதா, எடை சரியா என்று பார்க்கலாம். ஆனாலும் வெற்று ஸ்டீல் வட்டத்துக்குப் பெரிய பணம் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நிறம் மாறிய காசை எரர் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு மனசு வராது. மண்ணில் கிடந்த குப்ரோ நிக்கல் செம்பு நிறம் காட்டும். பாலாற்று மணலில் கிடைத்தது, உண்டியலில் எண்ணெயும் மஞ்சளும் பட்டுக் கிடந்தது, நெருப்பில் விழுந்தது எல்லாம் நிறம் மாறும். அமிலத்தில் போட்டால் காசு எல்லாப் பக்கமும் சமமாக மெலியும். ஓரச்சுவரும் கரைந்து, எழுத்து சோப்பு போல வழுக்கும். அதை "தின் பிளான்செட்" என்பார்கள். உண்மையான மெல்லிய வில்லையில் விட்டம் சரியாக இருக்கும், எழுத்து உயரம் குறைந்தாலும் தளம் சுத்தமாக இருக்கும்.

ஆற்காட்டுக் காசு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஆற்காடு பெயரில் நவாப் மட்டும் ரூபாய் அடிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் தாமரைக் குறியோடும், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் பிறைக் குறியோடும் அதே பெயரில் அடித்தார்கள். கம்பெனியின் ரூபாய்களில் முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற வருடமும் பல பத்தாண்டுகள் மாறாமல் தொடர்ந்தன. வருடம் பொருந்தவில்லை என்பது அங்கே எரர் ஆகாது. கையால் சுத்தியல் அடித்த வெள்ளி ரூபாயிலும் ஆற்காடு நவாப் வாலாஜா பெயரில் வந்த செப்புக் காசிலும் அச்சு வில்லையைவிடப் பெரியது. பாதி எழுத்து வெளியே விழுவதும், ஓரம் வெடித்திருப்பதும், முகம் சாய்ந்திருப்பதும் அந்த வேலையின் இயல்பு. வாலாஜாபேட்டை, ஆற்காடு பக்கம் கிடைக்கும் காசை "ஆஃப் சென்டர் எரர்" என்று யாராவது விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள். கையடிக் காசில் லகி மட்டும் உண்மையான அபூர்வம்.

2012இல் வந்த வைஷ்ணவ தேவி ஐந்து, பத்து ரூபாயையும் எரர் கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது முறையாக வெளியான நினைவு நாணயம். பழைய காசை ரிசர்வ் வங்கி பெயரில் வாங்குகிறோம், முதலில் வரி கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் அது மோசடி. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. காசை உருக்குவதும் சிதைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம் என்பதையும், "நாமே ஒன்று செய்து பார்க்கலாமே" என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் நான்கு படம் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், கோளாறு உள்ள இடத்தின் ஓரச்சுவர், தராசின் மேல் எண் தெரியும்படி காசு. பக்கத்தில் சாய்வு வெளிச்சம் இருக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. கட் என்றால் நேர் எதிர் விளிம்பையும், பத்து ரூபாய் என்றால் சேர்க்கைக் கோட்டையும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓரச்சுவரைப் படமெடுத்து அனுப்ப மறுப்பவரிடம் விலை பேச வேண்டியதில்லை. வாங்கிய பிறகு எடையையும் விட்டத்தையும் ஒரு சீட்டில் எழுதி, பிவிசி இல்லாத உறையில் காசோடு போட்டு வையுங்கள். பிவிசி உறை நாளாவட்டத்தில் பச்சைப் பிசுபிசுப்பு விட்டுக் காசின் முகத்தைத் தின்றுவிடும்.